எட்டுத் தாளில் ஒரு நாள்

அத்தியாயம் 7

ரேடியோவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படி என்று அவன் அம்மா சொல்வாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் என்று அவன் சொல்வான். நாற்பத்து நான்கு வயதாகியும் வாய் ஓயாததால் ஒட்டிக்கொண்ட பெயர் ரேடியோ. சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மணி ஒன்று பத்து. மருந்து கம்பெனியின் இரண்டாவது மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையைத்தான் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். உடையாத நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷம் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர். வகுப்பை மூடிவிட்டுத் துப்பறியும் வேலையில் இறங்கி ஏழு வருஷம் ஆகிறது. யாருக்கும் இன்னும் அவரை வேறு மாதிரி கூப்பிட வரவில்லை. ரேடியோ அவருடைய உதவியாளன். உதவி எவ்வளவு, உபத்திரவம் எவ்வளவு என்று டீச்சர் இதுவரை பிரித்துச் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு எதிர் அறையில் விசாரணை. அதற்குள் எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் ஒரு பெண்ணின் லைசென்ஸ் போய்விடும். அதன்பிறகு அவள் எந்த மருந்தையும் எந்தக் கம்பெனியிலும் கலக்க முடியாது.

விஷயம் இதுதான். பிறந்த குழந்தைகளுக்குப் போடும் ஊசி மருந்து, ஒரு நாள் தயாரித்தது மொத்தமும் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நர்ஸ் ஒருத்தி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கலங்கலாக இருக்கிறதே என்று கீழே வைத்துவிட்டாள். அந்தப் புண்ணியவதியால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்படிக் கலங்குவதற்கு இரண்டே வழிதான் உண்டு. கலவை பிசகியிருக்க வேண்டும், அல்லது மருந்து இருந்த இடத்தில் குளிர் போயிருக்க வேண்டும். குளிர் போகவில்லை என்று கோல்டு ரூம் கம்ப்யூட்டர் சாதித்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அது தானாகவே வெப்பநிலையை ஒரு லாக் ஃபைலில் ஒரு வரியாக எழுதிவைக்கும். நாலு டிகிரி, நாலே கால், நாலு. மாதம் முழுக்க இதே பாட்டுத்தான். ஆகவே பழி மருந்து கலந்த கெமிஸ்ட் தலையில் விழுந்தது.

கெமிஸ்டின் தம்பிதான் முந்தாநாள் டீச்சரைத் தேடி வந்தவன். அதே கம்பெனியில் புரோகிராமர். அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறான். அக்கா தப்பே செய்திருக்க மாட்டாள் என்று அவன் சொன்ன விதம் டீச்சருக்குப் பிடித்திருந்தது. ரேடியோவுக்கு அவனை இன்னும் அதிகமாகப் பிடித்திருந்தது. காரணம், ரேடியோவின் ஜோக்குக்கு அவன் சிரித்தான். இந்தக் கட்டிடத்திலேயே அவன் ஒருவன்தான் சிரித்தான்.

"டீச்சர், விசாரணைக்காரங்க பிரிண்ட் எடுத்து வெச்ச லாக் இது. நாளுக்கு ஒரு கட்டு. தலைகாணி கணக்கா இருக்கு. இதைப் படிச்சே ரெண்டு மணி நேரம் தூங்கலாம்."

டீச்சர் கெமிஸ்டின் வாக்குமூலத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். ரேடியோ ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், கட்டுகளை மேசையில் தட்டி அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். அடுக்கும்போது ஒரு கட்டு மட்டும் கைக்குத் தடிமனாகப் பட்டது. வேறு வேலை இல்லாததால் தாள்களை எண்ணினான். பதினொன்றாம் தேதி ஆறு தாள். பத்தாம் தேதி ஆறு தாள். பதிமூன்று, பதினான்கு, எல்லாம் ஆறு. பன்னிரண்டாம் தேதி மட்டும் எட்டு.

இன்னொரு தடவை எண்ணினான். எட்டுத்தான்.

"டீச்சர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"உனக்கு இருபத்தஞ்சு. பேசறதுக்கு ஒண்ணு தனியா."

"இல்ல, நிஜமாவே கேக்கறேன். பன்னெண்டாம் தேதிக்கு மட்டும் ரெண்டு தாள் கூட இருக்கு."

டீச்சர் வாக்குமூலத்தைக் கீழே வைத்தார். இருவரும் சேர்ந்து அந்த எட்டுத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். காலையிலிருந்து மதியம் இரண்டே கால் வரைக்கும் வரிகள் நெருக்கமாக இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஒரு காலி வரி. இரவு எட்டே காலுக்கு மேல் மறுபடி நெருக்கம். நடுவில் இருந்த ஆறு மணி நேரம் மட்டும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி எழுதியதுபோல் கிடந்தது. காலி வரிகளை ரேடியோ விரலால் எண்ணினான். எழுபத்திரண்டு. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இந்த நாளும் சமத்தாக ஆறு தாளுக்குள் அடங்கிவிடும்.

ஒரே மிஷின், ஒரே வேலை, ஒரே நாள் என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆறு மணி நேரம் மட்டும் அதற்குக் கை மாறியது எப்படி? அந்த ஆறு மணி நேரத்தை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டிய அவசியம் வந்தது என்றால் அந்த நேரத்தில் குளிர் இல்லை.

ரேடியோ அதற்குள் கதவருகில் நின்றான். "கோல்டு ரூம் சூப்பர்வைசர்தான். கம்ப்யூட்டர் அவர்கிட்டதான் இருக்கு. முகத்தப் பாத்தாலே தெரியுது."

"முகத்துல என்ன தெரியுது?"

"மீசை."

கோல்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவில் நீர் கோத்திருந்தது. சூப்பர்வைசர் தடித்த கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் மேல் சந்தேகமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். அப்படித்தான் என்று ரேடியோவும் எடுத்த எடுப்பிலேயே சொன்னான். மனிதருக்குக் கோபம் வரவில்லை, சலிப்புத்தான் வந்தது. பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவர் லீவு, மகள் வீட்டில் இருந்தார். கட்டிடத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை ஆடிட். அன்று காலையிலிருந்தே ஆள் மாற்றி ஆள் வந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள். தொடுவதற்குத் தடை ஏதும் இல்லை. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் நெற்றியிலேயே ஒட்டியிருந்தார்.

லாக் ஃபைலை அவரே திருத்தியிருக்கலாமே என்று ரேடியோ விடாமல் பிடித்தான். அவர் திரையைக் காட்டினார். அதில் அந்த மாதம் முழுவதன் வெப்பநிலையும் ஒரு கோட்டுப் படமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது மேல போனா ஃபோன் பண்ணணும். கீழ போனாலும் ஃபோன் பண்ணணும். இதுக்கு மேல இந்த மிஷின்ல எனக்கு எதுவும் தெரியாது தம்பி. ஃபைல் எங்க இருக்குன்னு நீங்க காட்டுனா நானும் பாத்துக்குவேன்."

பொய் சொல்லும் முகம் இல்லை. மீசையையும் சேர்த்துத்தான். படியேறும்போது ரேடியோவுக்கு அது எரிச்சலாக இருந்தது. மணி ஒன்று ஐம்பது. சந்தேகப்பட இருந்த ஒரே ஆளும் கையை விட்டுப் போயாயிற்று. டீச்சரோ அந்தக் கோட்டுப் படத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் தேதிப் படத்தில் இடைவெளி எதுவும் தெரியவில்லையே, கவனித்தாயா என்றார். காலி வரியைப் படம் கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது என்று ரேடியோ சொன்னான். "அப்ப செஞ்ச ஆளு படத்தப் பாத்துட்டு நல்லா வந்திருக்குன்னு போயிருப்பாங்க. காகிதத்துல யாரும் எடுத்துப் பாப்பாங்கன்னு நெனைக்கல" என்றார் டீச்சர்.

அறைக்குத் திரும்பியதும் புரோகிராமருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவன் தன் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். தூங்கி நாளானவன் என்பது கண்ணில் தெரிந்தது. உடைந்த நாற்காலி ஒன்றைச் சுவரில் சாய்த்து, ஆடாமல் உட்காரக் கற்றுக்கொண்டான். ரேடியோ மீசை விஷயத்தைச் சொன்னதும் இன்றைக்கும் சிரித்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டான்.

டீச்சர் தாள்களைக் காட்டி, நடுவில் ஏன் காலி வரி என்று கேட்டார். அவன் குனிந்து பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, அதே லாக் ஃபைலைக் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் தெரியும்படி விரித்தான். இரண்டே கால் மணி வரி வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டான். ரேடியோ அதைப் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. இதை நினைத்து அவன் பிற்பாடு பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

"எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ரேடியோவுக்கும் புரியணும்" என்றார் டீச்சர்.

அவன் விளக்கினான். நன்றாகவே விளக்கினான். ஒரு வரி முடிந்துவிட்டது என்று காட்ட ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஃபைலில் கண்ணுக்குத் தெரியாத குறி வைக்கும். குறி எல்லா மிஷினிலும் ஒன்றல்ல. விண்டோஸ் மிஷின் இரண்டு குறி வைக்கும்: இடது ஓரத்துக்குப் போ என்று ஒன்று, அடுத்த வரிக்கு இறங்கு என்று ஒன்று. லினக்ஸ் மிஷின் இறங்கு என்பதை மட்டும் வைக்கும். புரோகிராம் எழுதுகிறவன் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. வரி முடிந்தது என்று சொன்னால் போதும். எந்த மிஷினில் ஓடுகிறதோ அந்த மிஷின் தன் வழக்கப்படி குறியைப் போட்டுக்கொள்ளும். கோல்டு ரூமில் இருப்பது விண்டோஸ். அதனால் லாக்கில் எல்லா வரியிலும் இரண்டு குறி.

"இந்த எழுபத்திரண்டு வரியில?"

"மூணு." அவன் குரல் தாழ்ந்தது. "இடது ஓரம், மறுபடி இடது ஓரம், அப்புறம் இறங்கு. சில சாஃப்ட்வேர் இதை ரெண்டு வரியா எடுத்துக்கும். அதான் காலியா தெரியுது."

"கை நடுங்கினவனா இருப்பான்" என்றான் ரேடியோ.

"எழுபத்திரண்டு தடவையும் ஒரே மாதிரியா நடுங்கும்?" டீச்சர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். அவர் நடப்பது அபூர்வம். வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள் என்றார். பழைய மிஷினில் பழகியவள். வரி முடிந்தால் கையால் நெம்புகோலைத் தள்ளுவாள். ஒரு நாள் அவளைப் புது மிஷினில் உட்கார வைத்தார். வரி முடிந்ததும் தானாகவே அடுத்த வரிக்குப் போகும் மிஷின். மிஷினும் வரி மாற்றும், பழக்க தோஷத்தில் அவளும் மாற்றுவாள். பக்கம் முழுக்க ஒன்று விட்டு ஒன்று காலி வரி. "அவ மோசமான டைப்பிஸ்ட் இல்ல. மிஷின் தானா செய்யற வேலைய தானும் செஞ்சா, அவ்வளவுதான்."

ரேடியோ நடையை நிறுத்தினான்.

டீச்சர் அடுத்துச் சொன்னதை அவன் பிறகு பலரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறான். சாராம்சம் இது. விண்டோஸிலேயே குப்பை கொட்டுகிறவனுக்குக் குறி என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை, மிஷின் பார்த்துக்கொள்ளும். சூப்பர்வைசர் தட்டியிருந்தால் இரண்டு குறிதான் விழுந்திருக்கும், யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இதைச் செய்தவன் மற்ற வகை மிஷினில் வேலை செய்கிறவன். தன் மிஷின் ஒரு குறிதான் வைக்கும், அந்த ஃபைலிலோ இரண்டு இருக்கிறது என்று தெரிந்தவன். வித்தியாசம் தெரிந்துவிடக் கூடாதே என்று, விட்டுப்போன குறியைக் கையால் சேர்த்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். தன் மிஷினில் ஓட்டிப் பார்த்தான், கச்சிதமாக வந்தது. அதை அப்படியே கோல்டு ரூம் மிஷினுக்கு எடுத்துப்போய் ஓட்டினான். அந்த மிஷின் தன் பங்குக்கு இன்னொன்று சேர்த்துவிட்டது.

"தெரியாதவன் மாட்டிருக்க மாட்டான். இவன் ரொம்பத் தெரிஞ்சவன்" என்று முடித்தார். பிறகு புரோகிராமர் பக்கம் திரும்பினார். "உங்க மடியில இருக்கிறது எந்த மிஷின்?"

லேப்டாப் மூடியின் முதுகில் ஒரு பென்குயின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓரம் தேய்ந்து, ஒரு கால் காணாமல் போயிருந்தது. மூன்று நாளாக ரேடியோ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். குழந்தைத்தனம் என்று நினைத்திருந்தான்.

"லினக்ஸ். இந்தப் பென்குயின் அதோட சின்னம்தான். ஆனா சர்வர் ரூம்லயும் ரெண்டு லினக்ஸ் மிஷின் இருக்கு."

ரேடியோவுக்கு நிம்மதியாக இருந்தது. சர்வர் ரூமுக்கு ஓடலாம் என்று காலைக்கூட எடுத்துவிட்டான்.

"அதுல யாரு வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

அவன் லேப்டாப் மூடியை மெல்ல மூடினான். "நான் மட்டும்தான்."

"அந்த வரியப் பாத்ததும் நாக்கக் கடிச்சீங்க. அடுத்தவங்க தப்பப் பாத்து யாரும் நாக்கக் கடிக்கறதில்ல. பத்தொன்பது வருஷம் பாத்திருக்கேன்."

சுவரில் சாய்ந்திருந்த நாற்காலி ஒரு பக்கமாக இறங்கியது. அவன் சரிசெய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலிருந்தபடியே, குளிரையும் லாக்கையும் ஓட்டும் கோல்டு ரூம் புரோகிராமை மாற்றினானாம். மாற்றியதும் அது நின்று மறுபடி ஓட வேண்டும். லாக் ஓடியது, குளிர் ஓடவில்லை. அதைப் பார்க்காமலேயே தூங்கிவிட்டான். எட்டே காலுக்கு எழுந்து பார்த்தபோது பத்தொன்பது டிகிரி. ஓட வைத்தான். ஆறு மணி நேரம்தானே, மருந்து தாங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திங்கட்கிழமை காலை ஆடிட்டுக்கு முன்னால் பென் டிரைவோடு போய் அந்த ஆறு மணி நேரத்தையும் நாலு டிகிரியாக்கினான். வேலை போய்விடுமே என்ற பயம் மட்டும்தான் அப்போது இருந்தது. அக்கா தலையில் விடியும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ரேடியோவுக்குக் கோபம் வந்தது. ஏமாந்த கோபம். "அப்புறம் எதுக்குய்யா எங்களக் கூட்டிட்டு வந்தே? நாங்க வேற யாரையாவது புடிச்சுக் குடுப்போம்னா?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா பொண்ணுக்கு மூணு நாள் முன்னாடி காய்ச்சல். சிரப்ப மூடியில ஊத்தி அளந்து பாக்கறா. திருப்பி பாட்டில்ல ஊத்தறா. மறுபடி அளக்கறா. மூணு தடவை. அப்புறம் மாமா கையில குடுத்து, நீங்களே குடுங்க, என் கைய நம்ப முடியலன்னு சொல்றா. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். சொல்லணும்னு வாயத் தொறந்தேன், வரல. மறுநாள் உங்ககிட்ட வந்தேன். நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டீங்கன்னா நான் சொல்ல வேண்டியதில்லன்னு."

இந்த ஏழு வருஷத்தில் தன்னைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

மணி இரண்டு ஐம்பது. டீச்சர் எட்டுத் தாளையும் வரிசைப்படி எடுத்து அடுக்கி அவன் கையில் கொடுத்தார். உள்ளே போய்த் தானே சொல்ல முடியும் என்றும், ஆனால் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். "நான் சொன்னா உங்க அக்காவுக்கு லைசென்ஸ் கிடைக்கும். நீங்க சொன்னாத்தான் அவங்களுக்குக் கை கிடைக்கும். பத்து நிமிஷம் இருக்கு. நீங்க போகலன்னா பதினோராவது நிமிஷம் நான் போவேன்."

வெளியே நடைபாதையில் கெமிஸ்ட் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைல், கையில் பேனா. தன் வாக்குமூலத்தின் ஓரத்தில் கலவையின் அளவுகளை எழுதி, அடித்து, மீண்டும் எழுதிக்கொண்டிருந்தாள். ஓரம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. தம்பியைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்தாள், அவன் உட்காரட்டும் என்று. அவன் உட்காரவில்லை.

ரேடியோ நின்ற இடத்தில் நின்றான். கால் மாற்றக்கூடத் தோன்றவில்லை.

"அக்கா, பன்னெண்டாம் தேதி லாக் நெஜம் இல்ல. நான் எழுதினது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அறைவாள் என்றும் எதிர்பார்த்தான், கொஞ்சம் ஆசையும் பட்டான்.

"குளிரு எத்தன மணிக்கு நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டே கால். எட்டே கால் வரைக்கும்."

"எவ்வளவு ஏறுச்சு?"

"பத்தொன்பது."

கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்: "பத்தொன்பதுல ஆறு மணி நேரம்னா கலங்கத்தான் செய்யும். எவ்வளவு சரியாக் கலந்திருந்தாலும் கலங்கும்."

பேனாவை மூடினாள். கை இரண்டையும் ஃபைலின் மேல் விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பது நாளாக அழாமல் வைத்திருந்த அழுகை அது. சத்தம் இல்லாமல்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. தம்பி அவள் தோளைத் தொடப் போனான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

எதிர் அறைக் கதவு திறந்தது. கெமிஸ்டை உள்ளே வரச் சொன்னார்கள். முதலில் இவன் வருவான் என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவனிடம், "நாலுன்னு எழுதின மாதிரி உள்ள போய் எதையும் கொறச்சுச் சொல்லாத. பத்தொன்பதுன்னு சொல்லு" என்றாள். அவன் எட்டுத் தாளையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனான். கதவு மூடிக்கொண்டது.

ரேடியோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். உள்ளேயிருந்து தம்பியின் குரல் கேட்டது. முதல் வார்த்தையே தட்டியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து தொடங்கி அதே இடத்தில் தட்டியது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பயந்தா திக்குவான். சின்னதுலருந்தே அப்படித்தான்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். அவனோடு தனக்கு இனிமேல் பேச்சே கிடையாது, அதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அவன் பக்கத்தில் நின்றாள்.